என் வீட்டுக்காரர் தோற்ற குஸ்தி

யுத்தம் முடிந்த சமயம். மயிலாப்பூர் மார்க்கெட்டுக்கு மீன் கூடையோடு போகும்போது அந்தச் சுவரொட்டியைப் பார்த்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ‘நொச்சிக்குப்பத்துப் புலி’ என்று என் வீட்டுக்காரர் படம். எதிரே மீசையை முறுக்கிக்கொண்டு ‘பஞ்சாப் சிங்கம்’. கீழே, ‘உயிர்ச்சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல.’

கடலுக்குப் போனவர் கொஞ்சம் தாமதித்தாலே கரையில் நின்று அழுகிறவள் நான். கட்டுமரத்தைவிட இதில் நாலு காசு நிற்கும் என்று அவர் குஸ்திக்குப் போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்தச் சிங்கத்தின் காலைப் பிடித்தாவது கெஞ்சலாமென்று, விசாரித்துக்கொண்டு தியாகராய நகர்க் குஸ்திக் கொட்டகைக்கே போய்விட்டேன். உள்ளே சிங்கம் குப்புறப் படுத்திருந்தது. அதன் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர்!

“வா தங்கச்சி, குந்து. கூடைல இன்னா மீனு?” என்றது சிங்கம். ராயப்பேட்டைக்காரராம்.

“அப்போ சண்டை?” என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

“சனிக்கெழம நான் தோத்துடுவேன்மே. அடுத்த வாரம் சரிக்குச் சரி. அதுக்கடுத்த வாரம் ஜெயிப்பேன். மொதல்லயே ஜெயிச்சிட்டா அப்புறம் எவன் டிக்கெட் வாங்குவான்?”

குப்பத்தில் பாதிப் பேர் அவருக்காக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

குஸ்தி நடத்தும் கான்ட்ராக்டர் அப்போது உள்ளே வந்தார். “புலியோட சம்சாரமா? மூஞ்சே அழுவுற மூஞ்சா கீதே! சனிக்கெழம முன்னாடி குந்திக்கினு அழும்மா, கூலி தர்றேன். நீ அழுதா அடுத்த வாரம் டிக்கெட்டு பிச்சிக்கினு போவும்.”

சனிக்கிழமை, பேசி வைத்தபடியே சிங்கம் அவரைத் தூக்கிப் போட்டது. நானும் பேசி வைத்தபடியே அழுதேன். “எந்திரி புலி!” என்று கூட்டம் கத்தியது. அவர் எழுந்திருக்கவில்லை. நன்றாக நடிக்கிறாரே என்றுதான் நினைத்தேன். பிறகுதான் வலது தோள் கோணிக்கொண்டு நிற்பது தெரிந்தது. சிங்கம் குனிந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பியது. அதன் முகம் வெளிறிப் போயிருந்தது.

“நிறுத்துங்கய்யா! மெய்யாலுமே அடி பட்டுக்கீது!” என்று கத்திக்கொண்டு மேடையில் ஏறினேன். கூட்டம் விசிலடித்தது. கான்ட்ராக்டர் ஓரமாக நின்று, “அப்படித்தாம்மா, இன்னும் கொஞ்சம்” என்று கையைக் காட்டினார்.

சிங்கம்தான் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது. எங்கள் ஆளைக் கொன்றுவிட்டான் என்று ஜனங்கள் அதன்மேல் செருப்பும் சோடாமூடியும் வீசினார்கள். அவர் உயிருக்கு ஒன்றுமில்லை. அந்தக் கை மட்டும் பிறகு துடுப்புப் பிடிக்கவில்லை.