வள்ளி சொன்ன கலாஸ்

போன வாரம் ஓமானில் நாங்கள் இருக்கிற ரூவியில் மழை. இந்த ஊரில் மழை என்றால் கொஞ்சம் பெய்தாலே வாதி இறங்கிவிடும். வாதி என்பது மலையிலிருந்து வரும் காட்டாறு. மற்ற நாளில் வெறும் கல்லும் மணலுமாகக் கிடக்கும், பிள்ளைகள் அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். தண்ணீர் வந்தால் காரையே புரட்டிக்கொண்டு போகும். மறுநாள் காலையில் எங்கள் கட்டடத்துக்குக் கீழே இருக்கிற துணிக்கடைக்காரர்கள் நனைந்த கார்ப்பெட்டை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசிச் சுருளைப் போட்டதும் ஒருவர் கையைத் தட்டி உதறிக்கொண்டு "கலாஸ்" என்றார்.

ஈரக் கார்ப்பெட் நாற்றமும் அந்தச் சொல்லும் சேர்ந்து வந்ததில், டூட்டிக்கு நேரமாகியும் அங்கேயே நின்றுவிட்டேன்.

கலாஸ் என்றால் முடிந்தது. அரபிக்காரர்கள் எதற்கும் சொல்வார்கள். என் மகள் வள்ளி இங்கே வளர்ந்தவள், அவளும் எதற்கும் சொல்வாள். தட்டில் சோறு தீர்ந்தால் கலாஸ். வீட்டுப்பாடம் எழுதி முடித்தால் கலாஸ். சண்டை போட்டுச் சமாதானம் ஆனாலும் கலாஸ். போனை வைக்கும்போது பை-பை எல்லாம் கிடையாது, இதுதான். ஒரு லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் மைத்துனர் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "என்ன மச்சான், பாப்பா நிமிசத்துக்கொருக்கா முடிஞ்சதுங்குது. யாரு கதைய முடிச்சுட்டு வந்திருக்கு?" என்றார்.

எனக்கு அந்தச் சொல்லோடு வேறு கணக்கு உண்டு. நான் வந்த புதிதில் கம்பெனியின் தொழிலாளர் கேம்பில் இருந்தேன். ஒரு நாள் எங்கள் கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, சைட்டுக்கு வந்து ஃபோர்மேனிடம் கலாஸ் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். அந்த வாரத்துக்குள் எங்கள் ரூமில் பாதிக் கட்டில் காலி. என்னை ஊருக்கு அனுப்பாமல் நிறுத்திவைத்தது முருகன்தான், வேறு காரணம் எனக்குத் தெரியாது. மகள் வாயில் அது விளையாட்டாக வந்தாலும், கேட்கிற எனக்கு உள்ளே ஒரு நடுக்கம் இருந்துகொண்டுதான் இருந்தது.

பத்தாவதோடு நின்றவன் நான். வள்ளியோ மேல்படிப்புக்கு ஜெர்மனியில் பாஸாவ் என்ற பழைய ஊருக்குப் போனாள். அங்கே மூன்று ஆறு கூடுகிறது என்று சொன்னதும் நான் இருந்த இடத்திலேயே கும்பிட்டேன். திரிவேணி சங்கமம் மாதிரி புண்ணியத் தலம் என்று எண்ணிக்கொண்டேன். ஆற்றங்கரைத் தெருவில், பல நூறு வருஷத்து வீட்டின் கீழ்த்தளத்தில் ரூம் கிடைத்தது. கோவில் மண்டபம் மாதிரி வளைந்த கூரை, முழங்கை நீளத்துக்குக் கனமான சுவர். வீடியோவில் ஊரெல்லாம் சுற்றிக் காட்டினாள். பாலம், படகு, மாதா கோவில் கோபுரம். பிறகு ஒரு கட்டடத்துச் சுவரில் வரி வரியாகச் செதுக்கிய கோடுகள்.

"இதெல்லாம் அந்தந்த வருஷம் தண்ணி ஏறின மட்டம்ப்பா. மேல இருக்கு பாருங்க, அதான் பெரிய வெள்ளம்."

கையைத் தூக்கிக் காட்டினாள். எட்டவில்லை. சிரித்துக்கொண்டே குதித்தாள். அப்போதும் எட்டவில்லை.

அன்றைக்குப் போன தூக்கம்தான். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன். "ஆத்துக்கு அட்டென்டன்ஸ் எடுக்குறீங்களாப்பா? பிரசன்ட்தான்" என்பாள். இங்கே ஆறு சொல்லிவிட்டுத்தான் வரும், மட்டம் எல்லாம் போனிலேயே பார்க்கலாம், டோன்ட் வொரி என்பாள். வாதியைப் பார்த்துப் பழகினவன் மண்டையில் இதெல்லாம் ஏறுமா?

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பூஜை முடித்து எழுந்தேன். வள்ளியிடமிருந்து குரல் செய்தி வந்திருந்தது. பின்னால் தண்ணீர்ச் சத்தம். "அப்பா, தண்ணி உள்ள வந்துருச்சு. சாமி படத்தத் தூக்கி மேல வெச்சுட்டேன். கலாஸ்." அவ்வளவுதான். திருப்பிக் கூப்பிட்டால் போன் அணைந்து கிடக்கிறது.

சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது, வேலை முடிந்தது என்கிறாள் என்றாள் என் வீட்டுக்காரி. சொல்லிவிட்டு விளக்கைத் தூண்டி, முருகா முருகா என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்தச் சொல் வேறு மாதிரி கேட்டது. போனை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன்.

கீழே சாலிம் டாக்சி நிற்கும். ஓமானிக்காரர், வயதானவர். வள்ளி ஸ்கூல் பஸ்ஸை விட்ட நாளெல்லாம் அவர்தான் கொண்டுபோய் விடுவார். வள்ளி என்று வாயில் வராமல் 'வாலி' என்றுதான் கூப்பிடுவார். இறங்கும்போது அவர் கலாஸ் என்பார், இவளும் கலாஸ் என்பாள். இவளுக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்ததே அவர்தானோ என்னவோ. தொழுகை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். நான் விஷயத்தைச் சொல்லி, இது உங்கள் பாஷை, என் பிள்ளை இதை எப்படிச் சொல்கிறாள் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். யோசித்துப் பாருங்கள், ஜெர்மனியில் தமிழில் பேசிய பிள்ளைக்கு ரூவியில் ஓர் அரபிக்காரரிடம் குறி கேட்கிற ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "ஃபிர், பாய்" என்று திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பயந்துபோனவன் கலாஸ் சொல்ல மாட்டான், அல்லாவைக் கூப்பிடுவான், தாயைக் கூப்பிடுவான் என்று இந்தியில் சொன்னார். இது ஸ்கூல் வாசலில் இறங்குகிற 'வாலி'யின் கலாஸ்தான், பத்திரமாக இருக்கிறாள் என்றார். வாய் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க, கையில் ஜபமாலை கிடுகிடுவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும்போது வேறு ஒரு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. வள்ளிதான். மாடியில் இருந்த பிள்ளைகள் ஜன்னலை உடைத்து இவளை மேலே இழுத்திருக்கிறார்கள். போன் தண்ணீரோடு போய்விட்டது. என் வீட்டுக்காரி பேச முடியாமல் அழுதாள். நான் சந்தோஷத்தில் சாலிம் சொன்னதை எல்லாம் கொட்டினேன்.

"இல்லப்பா. கதவு தொறக்க வரல. அவ்வளவுதான்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

பிறகு, வைக்கிறேன் என்று சொல்லி, "கலா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். "சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் சாலிமிடம், நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொன்னேன். வானத்தைப் பார்த்துக் கையேந்தினார். இப்போது அவர் கண் பார்வை குறைந்து ஸூர் என்ற ஊரில் மகன் வீட்டோடு இருக்கிறார். டாக்சி நின்ற இடத்தில் வேறு வண்டிகள் நிற்கின்றன. வள்ளி படிப்பை முடித்து அதே ஊரில் வேலையில் இருக்கிறாள், மேட்டுத் தெருவில், மேல் மாடியில். தினமும் பேசுகிறாள். வைக்கும்போது அந்த ஊர்ப் பாஷையில் தும்மல் மாதிரி ஏதோ சொல்கிறாள். நானும் அதையே சொல்லப் பழகிக்கொண்டேன். அவள் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருப்பேன். அந்தப் பழைய சொல்லை அவள் வாயால் ஒருமுறை கேட்க மாட்டோமா என்று இருக்கும். கேட்டுவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கும்.