சாரம் ஏற ஒரு சீட்டு

பதினொரு வருடம் சாரத்தின் மேல் நின்று இரும்புக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். என் கையில் ஒரு பட்டையைச் சுற்றி, காற்றடித்துப் பார்த்து, கீழேயே நில் என்றார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. கல்பாக்கம் பக்கத்தில் ஒரு தனியார் கம்பெனி கொட்டகைகள் கட்டிக்கொண்டிருந்தது. உயரத்தில் வேலை செய்கிறவன் டாக்டரிடம் பிரஷர் பார்த்து 'ஹைட் பாஸ்' என்ற சீட்டு வாங்க வேண்டும் என்று அந்த வருடம் புதிதாக ஆரம்பித்தார்கள். மூன்று தடவை பார்ப்பார்கள். மூன்றிலும் தவறினால் வேலை போச்சு.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் என்பதால் எங்கே போனாலும் முதல் ஆளாகப் போய் நிற்பேன். தாமதமாகப் போனால் எவனாவது எதையாவது எழுதச் சொல்வான், எல்லார் முன்னாலும் முழிக்க வேண்டும் என்ற பயம். டாக்டர் வருவது ஒன்பது மணிக்கு. திருக்கழுக்குன்றத்திலிருந்து இருட்டோடு சைக்கிளை மிதித்து ஆறரைக்கெல்லாம் டாக்டர் உட்காரும் தகரக் கொட்டகை வாசலில் நின்றேன். வெறும் வயிற்றில் நாலு டீ. பீடிக்குக் கணக்கே இல்லை. இடத்தை எவனாவது பிடித்துக்கொள்வான் என்று ஒன்றுக்குக்கூடப் போகவில்லை.

"நூத்தி எழுபது. நூத்தி நாப்பதுக்கு மேல போனா சீட்டு இல்ல. ராத்திரி தூங்கினியா?" என்றார் டாக்டர்.

"தூங்கினேன் சார்." பொய். தூங்கி எத்தனை வருடம் ஆயிற்று? அன்றைக்கு எவன் என்ன சொன்னான், அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று விடிய விடிய ஓட்டிப் பார்ப்பதுதான் என் படுக்கை.

என்னோடு ஜோடி சேர்ந்து பெயிண்ட் அடிக்கிறவன் ஒருவன் இருந்தான். என்னைவிடச் சின்னவன். ஒன்பதேகாலுக்கு ஆடி அசைந்து வந்தான். கையில் கருவாட்டுக் குழம்பு வாசனை. மத்தியானமானால் துண்டை விரித்துக் குறட்டை விடுகிற சோம்பேறி. மேஸ்திரி திட்டினால் சிரிப்பான். அவன் கையில் பட்டையைச் சுற்றி, எடுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்த முகத்தில் ஒரு டப்பா பெயிண்டை ஊற்றலாம் போலிருந்தது.

இரண்டாம் தடவை எப்படியும் வாங்கிவிட வேண்டும் என்று என்ன செய்தேன் தெரியுமா? இன்னும் அரை மணி முன்னால் போனேன். இன்னும் இரண்டு டீ குடித்தேன். நூற்று எழுபத்தெட்டு.

"அண்ணாத்த, காலைல இன்னா துன்ன?" என்றான் அந்தச் சோம்பேறி.

"உன் வேலையப் பாத்துகினு போடா."

"வெறும் வயித்துல டீய ஊத்திகினு இருந்தா மெசினு இன்னா பண்ணும்? மேல ஏறனா நல்லாத்தான் கீற. கீழ நின்னாத்தான் ஒதறிகினு கீற."

கையிலிருந்த டீயை அவன் காலில் ஊற்றினேன். அவன் துள்ளிக் குதித்தானே தவிர திருப்பித் திட்டவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. மேஸ்திரிதான் குறுக்கே வந்தார். "இன்னும் ஒரே ஒரு தபா. அப்பால எங்கிட்ட வந்து அழாத. சொல்லிட்டேன்."

மூன்றாம் தடவைக்குப் போக வேண்டிய அன்று விடியற்காலையில் எழுந்தால் சைக்கிள் சாவியைக் காணோம்.

"சாவி எங்கடி?"

"ஒம்போது மணி டாக்டருக்கு அஞ்சு மணிக்கு இன்னாத்துக்கு சாவி? பஸ்ல போவலாம், குந்து," என்றாள் என் மனைவி. சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள்.

அவள் அப்பன், ஆத்தாள், அண்ணன் எல்லாரையும் இழுத்து வைத்துக் கத்தினேன். தெருவில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. அவள் அசையவில்லை. கத்திக் கத்திக் களைத்துச் சுவரில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனேன். எழுப்பி இட்லி வைத்தாள். அவள் மேலிருந்த கோபத்தில் ஆறு இட்லி தின்றேன். பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு முன்னால் பன்னிரண்டு பேர். இனி இடம் போனால் என்ன என்று வேலியோரம் போய் ஒன்றுக்கிருந்துவிட்டு வந்தேன்.

டாக்டர் இரண்டு தடவை காற்றடித்துப் பார்த்தார். "நூத்தி முப்பத்தாறு. மாத்திரை ஏதாவது போட்டியா?"

"இல்ல சார்."

சீட்டு கிடைத்தது. சாயங்காலம் வீட்டில் அதை அவள் முன்னால் வைத்தேன்.

"இன்னா மாத்திர குடுத்தாரு?"

"ஒண்ணும் குடுக்கல."

"ஊசி?"

"அதெல்லாம் இல்ல. பாஸுன்னு சொல்லிட்டாரு."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கல்யாணமான புதிதிலேயே, எனக்கு நரம்பு வியாதி, எதிர்த்துப் பேசாதே என்று சொல்லி வைத்திருந்தவன் நான்.

"அப்ப உனுக்கு நோவு ஒண்ணும் இல்ல," என்றாள். "நோவாளின்னுதானய்யா இத்தினி வருசம் வாய மூடிகினு இருந்தேன். புள்ளைங்கள அறைஞ்சப்பகூட, அப்பாவுக்கு ஒடம்பு முடியல கண்ணுன்னு சொல்லிகினு இருந்தேன். ஒரு வேள சோறும் ஒரு மணி நேர தூக்கமும்தான் உன் வியாதியா?"

சோற்றுத் தட்டைத் தூக்கினேன். வழக்கமாக அது சுவரில் போய் விழும்.

"அடி," என்றாள். "இன்னிக்கு இன்னா வியாதின்னு சொல்லப் போற?"

தட்டைக் கீழே வைத்தேன். அவளை அப்போது எவ்வளவு வெறுத்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். பிள்ளைகள் இரண்டும் சாப்பிடாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தன.