இடது காதோரம் தொங்கும் முனை

உள்ளறையிலிருந்து படபடவென்று சத்தம் வந்தது. அம்மா தலைத்துணியை உதறுகிறாள் என்று லூசிலுக்குத் தெரியும். மரவள்ளிக் கஞ்சி சரியாக ஏறிய துணி அப்படித்தான் அதட்டும். ஆனால் வாசலில் நிற்பவளை உள்ளே விடுவதா, முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துவதா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

வந்திருந்தவள் நெல்டா. பன்னிரண்டு வருடமாக அப்பா வெள்ளிக்கிழமைதோறும் போய் வந்த வீட்டுக்காரி. அப்பாவின் அடக்கம் இன்று மாலை நாலு மணிக்கு.

“யாருடி?” என்று உள்ளிருந்து குரல்.

“யாரும் இல்லம்மா.”

“யாரும் இல்லாததுக்கா இவ்வளவு நேரம் கதவைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற? உள்ள வரச் சொல்லு.”

அம்மா ஹெர்மினா, துக்கத்து வெள்ளைப் பாவாடை தரையைக் கூட்ட, கூடத்துக்கு வந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருடம் இஸ்திரி போட்டுக் காய்ப்பேறிய கைகள் அவளுக்கு. பரமாரிபோ நகரத்தில் ஒரு பெண் வாயைத் திறக்குமுன் அவள் தலைத்துணி பேசிவிடும். அதனால் தாய் தனக்குச் சொன்னதையெல்லாம் ஹெர்மினா மகளுக்குச் சொல்லியே வளர்த்தாள். கோபத்தோடு மடிக்காதே, துணிக்கு அது தெரியும். பசித்தாலும் கஞ்சியில் சிக்கனம் பார்க்காதே. துக்கக் கட்டின் முனை இடது காதோரம் தொங்கினால் ‘என் பாதி போயிற்று’. வலது காதோரம் தொங்கினால் ‘போனான், பீடை விட்டது’. அந்தத் தெருவே இவர்களைப் பார்த்துத்தான் கட்டும்.

நெல்டாவின் தலையில் முனை வலது பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

“கடைசியில ஒரு ஓரமா நின்னுக்கிறேன் அக்கா. வரவேண்டாம்னா வரல” என்றாள் நெல்டா.

“அக்கான்னு கூப்பிடாத. இதை யாரு கட்டிவிட்டா?”

“நானேதான். போன மாசம் ஒரு சாவு வீட்டுல நீங்க எதிர்ல நின்னீங்க. அதைப் பார்த்துக் கட்டினேன்.”

எதிரில் நின்று பார்த்ததால் இடம் வலமாகிவிட்டது. லூசில் அம்மாவின் காதருகே குனிந்தாள்.

“விடும்மா. இப்படியே வரட்டும். ஊரே சிரிக்கும். நமக்கு வேண்டியது அதுதானே?”

 பன்னிரண்டு வருட வெள்ளிக்கிழமைகள் ஹெர்மினாவின் கண்முன் வந்து போயிருக்க வேண்டும். கன்னம் ஒருமுறை துடித்தது.

“வெள்ளிக்கிழமை அவரு சட்டைக்கு இஸ்திரி போட்டு அனுப்பினது நான்” என்றாள் நெல்டாவிடம். “ஒரு நாளாவது அதைக் கசங்காம திருப்பி அனுப்பினியா நீ?”

நெல்டா தரையைப் பார்த்தாள். “இஸ்திரி போட விடமாட்டாரு. ஹெர்மினா கை மாதிரி வராதும்பாரு.”

ஹெர்மினா தன் காய்ப்பேறிய கைகளை ஒருமுறை பார்த்தாள்.

“உக்காரு” என்று நாற்காலியை இழுத்தாள் ஹெர்மினா. நெல்டாவின் தலையிலிருந்து ஊசிகளைப் பிடுங்கினாள். “துணி தொவண்டு கெடக்கு. லூசில், உள்ள எனக்குன்னு உதறி வெச்சது இருக்கு பாரு. எடுத்துட்டு வா.”

“அதை இவளுக்கா? உனக்கு?”

“எனக்குப் பழசு போதும். நான் எதைக் கட்டினாலும் அது நிக்கும்.”

லூசில் கொண்டுவந்த துணி அவள் கையில் தகடாக விறைத்திருந்தது. கொடுக்க மனமில்லை.

“அம்மா, ரெண்டு பேரும் ஒரே கட்டோடயா சவப்பெட்டிகிட்ட நிப்பீங்க?”

“அவளும் அவருக்காகத்தானேடி அழறா? தப்பான கட்டோட ஒரு பொம்பள என் வாசப்படி தாண்டிப் போனான்னா, அந்தப் பேரு அவளுக்கில்ல, எனக்கு. ஊசியைக் கொடு.”

அப்பா செத்தபோதுகூட அழாத லூசிலுக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அம்மாவின் விரல்கள் மடித்தன, அழுத்தின, செருகின. ஒரு மடிப்பில்கூடக் கோபம் இல்லை. கடைசியாக, முனையை இழுத்து இடது காதோரம் தொங்கவிட்டாள்.

நெல்டா விசும்பினாள்.

“அழறதை அங்க வந்து அழு. கண்ணைத் துடைக்கிறப்போ முனையைத் தொடாத” என்றாள் ஹெர்மினா. “ஓரமா நிக்காத. இந்தக் கட்டைக் கட்டிக்கிட்டு யாரும் ஓரமா நின்னதில்ல.”

நெல்டா எழுந்தாள். லூசில் அவளுக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டாள். நெல்டா படியிறங்கி, தலை நிமிர்ந்தபடியே தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தாள். பிறகு கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.