தையலுக்கு விட்டது

எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம். என் தங்கை மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த நாட்களில் அது உச்சந்தலைக்கு ஏறியிருந்தது. அவள் அப்போது நாலாம் வகுப்பு. கூட்டல், பெருக்கல் எல்லாம் மடமடவென்று போடுவாள். அதையே நாலு வரியில் கதை மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டால் போச்சு. கூட்டுவதா கழிப்பதா என்று என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பார்ப்பாள்.

தங்கை மணமேல்குடியில் வாக்கப்பட்டவள். இரண்டாவது பிரசவத்துக்குக் கந்தர்வக்கோட்டையில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். கைக்குழந்தையோடு திரும்பும்போது, "ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாக்க முடியாதுக்கா. கொஞ்ச நாளைக்கு இவ ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்று மூத்தவளை விட்டுப் போனாள். எனக்குப் பிள்ளை இல்லை. கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே என்று பயம்.

இரண்டு வருடம் அப்படியே ஓடியது. அரைப் பரீட்சையில் கணக்கு மதிப்பெண்ணைக் கேட்டதும் தங்கை போனில் பிடித்துக்கொண்டாள். "முழுப் பரீட்சையிலயும் இப்படித்தான்னா இங்கிட்டுக் கூட்டிட்டு வந்து டியூசன்ல போட்டுருவேன்க்கா."

அன்று சாயங்காலமே அவளை நோட்டும் கையுமாக உட்காரவைத்தேன்.

"டீச்சர் பட்டை போடச் சொன்னாங்க பெரியம்மா" என்று நீளநீளமாகக் கட்டம் வரைந்து காட்டினாள். அவளுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. நான் தையல்காரி. மிஷினுக்குக் கீழே வெட்டுத் துணி குவிந்து கிடந்தது. ஒரே அளவில் ஊதா ஒன்றும் சிவப்பு மூன்றும் நறுக்கிப் போட்டேன். அக்காவிடம் இருக்கும் முந்திரிக்கொட்டை தங்கையிடம் இருப்பதைப் போல மூன்று மடங்கு, இருவரிடமும் சேர்த்து நாற்பத்தெட்டு, ஆளுக்கு எத்தனை என்பது கணக்கு. ஊதா தங்கைக்கு, சிவப்பு மூன்றும் அக்காவுக்கு. துணியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று துள்ளினாள்.

"மொத்தம் நாலு துண்டு! அப்ப ஒரு துண்டு பன்னெண்டு! தங்கச்சிக்குப் பன்னெண்டு, அக்காவுக்கு முப்பத்தாறு!"

"அடி என் ராசாத்தி!" என்று நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "கணக்குச் சொல்லிக் குடுக்குறியா, சண்டை போடுறியா?" என்று கேட்டார்.

அடுத்த மாதம் வகுப்பில் ஒரு சின்னப் பரீட்சை. இருபது மீட்டர் துணி, தங்கையைப் போல அக்காவுக்கு மூன்று மடங்கு, தங்கைக்கு எவ்வளவு? அவளுக்குக் கரும்பு மாதிரியான கணக்கு. ஆனால் விடை எழுதவில்லை. நாலு கட்டம் சரியாகப் போட்டுவிட்டு, கடைசியில் ஒல்லியாக ஐந்தாவதாக ஒன்று போட்டு, அதற்குள் 'தையலுக்கு விட்டது' என்று எழுதியிருந்தாள். டீச்சர் சிவப்பு மையில் பெரிய கேள்விக்குறி போட்டிருந்தார்.

"எவ்வளவு விடணும்னு தெரியல பெரியம்மா. அதான் எழுதல."

தப்பு என்னுடையதுதான். எந்தத் துணியை வெட்டினாலும் தையலுக்கு அரை இஞ்ச் சேர்த்துத்தான் என் கத்தரி போகும். அவளுக்குப் பட்டை நறுக்கும்போதும் வாய் தன்போக்கில், "இது தையலுக்கு" என்று சொல்லியிருக்கிறது. சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

"கணக்குல தையலுக்கு விடக் கூடாதுடி. இருக்குறத அப்படியே பங்கு வச்சிரணும்."

"மிச்சமே இருக்காதா?"

"இருக்காது."

முழுப் பரீட்சையில் அவள் கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவது. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சந்தோஷத்தில் மாம்பழ நிறத்தில் ஒரு பாவாடை தைத்தேன். வளர வளரப் பிரித்துவிட்டு நீளமாக்கிக்கொள்ள அடியில் மடிப்புப் பிடித்துத் தைப்போமே, டக், அதை மூன்று வைத்தேன். வருடத்துக்கு ஒன்று. அந்த மூன்று வருடமும் அவள் என்னிடம்தான் இருப்பாள் என்று யார் எனக்குச் சொன்னார்களோ தெரியாது.

மே மாதம் தங்கை வந்தாள். "இனிமே ஒனக்குத் தொல்லை இல்லக்கா. சின்னவன் பால்வாடிக்குப் போக ஆரம்பிச்சுட்டான். இவளும் நல்லாப் படிச்சுக்கிறா. கூட்டிட்டுப் போறேன்."

படிக்காவிட்டால் கூட்டிப்போவாள் என்றுதான் அத்தனை பாடுபட்டேன். படித்ததால் கூட்டிப்போகிறாள். பேசாமல் அந்த ஐந்தாவது கட்டத்தை அப்படியே விட்டிருக்கலாம் என்று கூடத் தோன்றியது. நினைத்த மாத்திரத்தில், சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று என்னையே திட்டிக்கொண்டேன். பெற்றவள் கேட்கிறாள். பாவாடையையும் மடித்து அவள் பையில் வைத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்து சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் போன் வந்தது.

"பெரியம்மா, ஒரு கணக்கு வரல. ஒரு படகுல வந்த மீன் இன்னொண்ணுல வந்ததவிட இருபது கிலோ கூட. ரெண்டும் சேந்து நூறு."

"இரு, இரு" என்று நான் மிஷினை நிறுத்திக் கீழே குனிந்து துணி தேடினேன்.

"கூட இருக்க இருபதத் தனியா வச்சுட்டா ரெண்டு பட்டையும் ஒரே நீளம்... எம்பது... நாப்பது, அறுபது! வந்துருச்சு பெரியம்மா!"

என் கையில் அப்போதுதான் ஒரு துண்டு அகப்பட்டிருந்தது.

"பெரியம்மா, இன்னொண்ணு. பாவாடை குட்டையாப் போச்சுன்னு அம்மா ஒரு டக்கப் பிரிச்சுவிட்டாங்க. பழைய மடிப்புக் கோடு மட்டும் தெரியுது."

அதற்குள் அவ்வளவு வளர்ந்துவிட்டாளா? அதை என் கையால் பிரிக்க வேண்டும் என்று நான் எத்தனை ஆசை வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அம்மாவிடம் போனைக் கொடு என்றேன்.

"என்னக்கா?"

"மிச்சம் ரெண்டு டக் இருக்குல்ல, அதுல கை வைக்காத. நான் வந்து பிரிக்கிறேன். அதுவரைக்கும் அவள வளராமப் பாத்துக்க."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.