வாசலில் கழற்றிய வளையல்

எங்கள் எதிர் வீட்டுப் பொன்னுத்தாய் பருத்தி எடுக்கப் போகிற கூலிக்காரி. அவள் புருசன் ராஜகுரு பஞ்சு லோடு லாரியில் போய்வருவார். அறுபத்தேழாம் வருசம் அந்த லாரி கவிழ்ந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது.

ராஜகுருவின் ஆத்தா மாயக்காளுக்குக் கண் தெரியாது. நெஞ்சுவலியோடு படுத்தே கிடந்தாள். சொன்னால் ஆத்தா தாங்கமாட்டாள் என்று மூத்த மகன் பொன்னுச்சாமி முடிவுசெய்தார். உடலை எங்கள் ஊர் ரெட்டியபட்டிக்குக் கொண்டுவராமல், பொன்னுத்தாயைத் திருச்சுழிக்கு வரவழைத்து அங்கே தன் வீட்டிலேயே எல்லாக் காரியத்தையும் முடித்தார். அதுவரை இங்கே மாயக்காளுக்குக் கஞ்சி ஊற்றியது நான். கருமாதியன்று பொன்னுத்தாயின் தாலியையும் வளையலையும் வாங்கிக்கொண்டு, "ஆத்தாகிட்ட மூச்சு விட்றாத" என்று பஸ் ஏற்றி அனுப்பினார்கள். யோசனை அவருடையது, பொய் சொல்கிற வேலை இவளுடையது. நல்ல பங்கீடு.

மாயக்காளுக்குக் கண்தான் இல்லை, காது கூர்மை. மருமகள் வந்த அன்றே கேட்டுவிட்டாள்.

"வளையல் சத்தத்தக் காணமே, ஏன்டி?"

"கழட்டி வச்சிருக்கேன் அத்தை."

"புருசன் வெளியூரு போயிருக்கையில வெறுங்கையோட நிக்காத. எடுத்துப் போடு."

கழற்ற வசதியாகக் கொஞ்சம் பெரிய அளவில் கண்ணாடி வளையல் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்குள் போட்டுக்கொள்வாள். தெருவில் இறங்கும்போது வாசல் மாடக்குழியில் கழற்றி வைத்துவிடுவாள்.

பேச்சும் அப்படித்தான். உள்ளே, "அவுக கோயமுத்தூருல இருக்காக அத்தை, வந்துருவாக." வெளியே வந்தால், "இருந்தாக." வளையலையாவது மாடத்தில் வைக்கலாம். நாக்கை எங்கே கழற்றி வைப்பது?

ஒரு நாள் பருத்திக்காட்டில் நாங்கள் கஞ்சி குடிக்கும்போது, "எங்க வீட்டுல அவுக மொச்சைய தொடவே மாட்டாக" என்று சொல்லிவிட்டாள்.

"செத்தவுக எங்கிட்டுத் தொட?" என்றாள் கூடப் பருத்தி எடுக்கிற பிச்சையம்மாள். ஒருத்தி சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இருவரையும் வாயாலேயே கிழித்துவிட்டேன்.

திரும்பும்போது பொன்னுத்தாய் கேட்டாள். "என்ன செய்யச் சொல்றீக மதினி? உள்ள சொன்னாலும் பொய்யா இருக்கு, வெளிய சொன்னாலும் பொய்யா இருக்கு."

அவளால் வீட்டுக்குள் வாய்விட்டு அழவும் முடியாது, மாமியாருக்குக் காது கூர்மையாயிற்றே.

மாசியில் ஒரு மத்தியானம், "அவன் வந்தா என்னைய எழுப்பு" என்று சொல்லிக் கண்ணை மூடிய மாயக்காள் எழுந்திருக்கவில்லை. அக்கம்பக்கம் திரண்டுவிட்டது. பொன்னுத்தாய் கையில் வளையலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். திருச்சுழியிலிருந்து வந்த பொன்னுச்சாமியின் பெண்சாதி கஸ்தூரி அதைப் பார்த்துப் பதறினாள். "ஊரு பாக்குதுடி" என்று கையை இழுத்து நிலைப்படியில் அடித்து உடைத்தாள். ஒரே புருசனுக்கு இரண்டாவது தடவை.

அப்போதுதான் பொன்னுத்தாய் என் மடியில் விழுந்து கதறினாள். "அவுக வந்துருவாகன்னு இனி யாருகிட்ட மதினி சொல்லுவேன்?"

மாமியாருக்கு இப்படி அழுகிற மருமகள் உண்டா என்று கூடியிருந்தவர்கள் மெச்சிக்கொண்டார்கள்.