மச்சாள் அனுப்பிய சோயாக் குளிசை

புற்றுநோய் வருத்தத்துக்காக இடது மார்பை எடுத்த பிறகு, தினமும் ஒரு குளிசை குடிக்கச் சொன்னார்கள். பெண் ஓமோன் மார்பில் வேலை செய்யாமல் தடுக்கிற மருந்து; சில வருடங்களுக்கு விடாமல் எடுக்க வேண்டும். தொடங்கிய சில கிழமைகளிலேயே உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. முல்லைத்தீவுக் கடற்கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருப்பேன். நெஞ்சிலிருந்து முகம்வரை நெருப்பு ஏறும், சட்டை நனைந்து ஒட்டும், பிறகு குளிரும்.

கனடாவில் இருக்கும் மச்சாள், என் கணவரின் தங்கை, இதைக் கேள்விப்பட்டு ஒரு போத்தல் அனுப்பினார். சோயாவிலிருந்து எடுத்த குளிசை. மாதவிடாய் நின்ற காலத்தில் தன் சூட்டை இதுதான் அடக்கியதாம். மரக்கறிச் சத்துத்தானே, பயப்படாமல் குடிக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி நேரெதிர். இந்த வருத்தத்துக்குக் கறிக்குப் போடுகிற சோயா மீட் கூட நஞ்சு என்றாள். மீன்படாத நாட்களில் எங்கள் வீட்டில் அதுதான் கறி.

இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே நம்ப எனக்கு மனமில்லை. போத்தலைத் திறக்காமல் பையில் வைத்துக்கொண்டு கிளினிக் நாளன்று வவுனியாவுக்கு பஸ் ஏறினேன்.

டொக்டர் அவசரத்தில் இருந்தார். என் கிளினிக் துண்டைத் திருப்பித் தந்து அடுத்தவரைக் கூப்பிட வாயெடுத்தார். நான் எழும்பவில்லை. போத்தலை மேசையில் வைத்தேன். அவர் லேபலை முழுவதும் வாசித்தார்.

"கறியில போடுற சோயா பிரச்சினை இல்லை அம்மா, அளவாச் சாப்பிடுங்கோ. இதில அதின்ர சத்தைத் திரட்டி அடைச்சிருக்கு. அது உடம்பில பெண் ஓமோன் மாதிரி வேலை செய்யக்கூடும். உங்கட வருத்தத்துக்கு இது வேண்டாம்."

"அப்ப இந்தச் சூட்டுக்கு என்ன செய்யிறது? மார்புக் குளிசையை நான் விடமாட்டன்."

அவர் முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். ஓமோன் இல்லாத வேறொரு மருந்து எழுதித் தந்தார்.

அன்று பின்னேரம் மச்சாளுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவருக்கு மனம் நொந்துவிட்டது.

"நான் உங்களுக்குக் கெடுதல் செய்வனே?"

"இல்லை மச்சாள். உங்களுக்குச் சரிவந்தது. எனக்கு வந்த வருத்தம் வேற."

பிறகு, எந்த நேரத்தில் சூடு கூட வருகிறது, சாப்பிட முடிகிறதா என்றெல்லாம் விசாரித்தார்.

சூடு குறைந்திருக்கிறது, போகவில்லை. முன்பெல்லாம் மாதா கோயிலில் பூசைக்கு நடுவில் வந்தால் வெட்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன். இப்போது எழும்பி வெளியே போய், பைப்பில் முகத்தைக் கழுவிவிட்டு, திரும்பி வந்து என் இடத்திலேயே முழந்தாளிடுகிறேன்.