வாசலில் கத்திய புடவை

புடவைக் கடையில் உட்காரச் சொன்னால் எனக்குக் கால் பரபரக்கும். எடு, பிரி, மடி, இதே பார்டரில் கிளிப்பச்சை இருக்கா என்று நாள் பூராவும் நடக்கும் கூத்துக்கு என்னிடம் பொறுமை கிடையாது. அக்காவின் முகூர்த்தப் புடவை எடுக்க மாப்பிள்ளை வீட்டோடு சேர்ந்து தி. நகர் போகிறோம் என்று அம்மா சொன்னதும், ஆபீஸில் வேலை இருக்கிறது என்று நழுவப் பார்த்தேன். கிண்டியில் இருக்கும் என் ஆபீஸ் சனிக்கிழமை திறக்காது என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். "நிச்சயதார்த்தத்துக்கும் ஊர்ல இல்லைன்னுட்டே. இதுக்காவது வந்து தலையைக் காட்டு" என்றாள். அதற்கு மேல் என்ன சொல்ல? போனேன்.

மாப்பிள்ளையின் அம்மாவை நாங்கள் மாமி என்றுதான் கூப்பிடுவோம். நங்கநல்லூரிலிருந்து காரில் வந்து, மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலிலேயே எங்களை ஏற்றிக்கொண்டார். கதவைத் திறந்ததுமே தோளில் இருந்த புடவையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

"நீங்க நிச்சயதார்த்தத்துக்கு வெச்சுக் கொடுத்ததுதான். இன்னிக்குக் கட்டிண்டு வரணும்னு டெய்லரை விரட்டி ஃபால்ஸ் தெச்சு வாங்கிண்டு வந்தேன்."

வெந்தயக் கலர் பட்டு. அரக்கு பார்டர்.

போன தீபாவளிக்கு நான் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்ததும் வெந்தயக் கலர்தான், அரக்கு பார்டர்தான். கோயில் பிராகாரத்தில் யாரோ அந்தக் கலரில் கட்டிக்கொண்டு போனதை அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அதை மனதில் வைத்துக்கொண்டு, நானிருக்கும் அடையாற்றில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியது. புடவைக் கடை என்றாலே ஓடுகிற நான் அதற்காக ஒரு பகல் முழுக்க நின்றிருக்கிறேன். தீபாவளி அன்று ஏன் கட்டிக்கலை என்று கேட்டதற்கு, "பொங்கலுக்குக் கட்டிக்கறேன்டி" என்றாள். பொங்கலும் வந்து போனது.

எங்கள் வீடுகளில் பீரோவின் மேல்தட்டு ஒரு தனி உலகம். நவராத்திரிக்கும் கல்யாணத்துக்கும் மற்றவர்கள் வைத்துக் கொடுத்த புடவைகள் அங்கே மடிப்புக் கலையாமல் காத்திருக்கும். யாருக்காவது நாம் வைத்துக் கொடுக்க நேரும்போது, வெற்றிலை பாக்கோடு அதில் ஒன்று கிளம்பிவிடும். மடிப்பு கலைந்தால் கொடுக்க முடியாது என்பதால் யாரும் பிரித்தே பார்க்க மாட்டார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான், ஆனால் கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். என் புடவையும் அந்தத் தட்டுக்குப் போய்விட்டதா என்ற கேள்வி காரில் ஏறியது முதல் என்னைக் குடைய ஆரம்பித்தது.

ஊரில் வெந்தயக் கலர் ஒன்றே ஒன்றுதானா இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நான் வாங்கியதில் முந்தானை முழுக்கச் சின்னச் சின்ன அன்னப்பட்சி வரிசை. அதைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். ஆனால் மாமி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, மேம்பாலத்தை முதல் தடவை பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையின் அடித்தளத்தில் காரை நிறுத்திவிட்டு லிஃப்டில் நேராகப் பட்டுப் பிரிவுக்கு ஏறினோம். அக்கா ஃபோனில் பார்த்து வைத்திருந்த புடவை ஒன்றைக் கேட்டாள். விற்பனைப் பெண் துழாவவே இல்லை. ஒவ்வொரு புடவையின் உள்மடிப்பிலும் துணியைப் போலவே மெலிசாக ஒரு டேக் தைத்திருக்கிறார்களாம். துப்பாக்கி மாதிரி ஒரு ரீடரை நீட்டிக்கொண்டு அலமாரி அலமாரியாக அவள் நடக்க, தூரத்தில் மெதுவாக ஒலித்த பீப் சத்தம் கிட்டே போகப் போக வேகமெடுத்தது. ஆயிரக்கணக்கான புடவைகளுக்கு நடுவிலிருந்து கேட்ட ஒன்றை மட்டும் உருவிக் கொண்டுவந்தாள். அக்காவும் மாமியும் அதிசயப்பட்டார்கள். அந்த ரீடரை வாங்கி மாமி பக்கம் நீட்டலாமா என்று எனக்குத் தோன்றியது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் குடிப்பது போல எழுந்து போய் மாமியின் பின்பக்கம் வந்தேன். கண்ணாடி பார்ப்பது போல இந்தப் பக்கம் வந்தேன். செருகிய முந்தானையில் ஒரு விரல் அகலம்தான் தெரிந்தது. அதில் இருப்பது அன்னப்பட்சியின் வாலா, வெறும் கொடியா என்று சொல்ல முடியவில்லை.

"ஏன்டிம்மா என்னையே பிரதட்சிணம் பண்ணிண்டிருக்கே? செத்த உட்காரேன்" என்றார் மாமி.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். உடனே குனிந்து, யாரும் எடுக்கப் போகாத ஒரு புடவையின் ஜரிகையைத் தடவ ஆரம்பித்தாள். அப்போதே எனக்கு முக்கால்வாசி தெரிந்துவிட்டது. ஆனாலும் மீதி கால்வாசியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

ஒருவழியாக அரக்கும் மஞ்சளுமாக ஒரு முகூர்த்தப் புடவை முடிவாயிற்று. டிரைவரை முன்வாசலுக்கு வரச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினோம். வாசலில் இரண்டு பக்கமும், பில் போடாத துணி தாண்டினால் கத்தும் சட்டம் ஆளுயரத்துக்கு நிற்கும். அக்கா போனாள், ஒன்றும் ஆகவில்லை. மாமி காலை வைத்ததும் அது ஊரைக் கூட்டுவது போல அலறியது.

காவலுக்கு நின்ற பெண் ஓடிவந்து எங்கள் பைகளை ரீடரால் தடவிப் பார்த்தாள். சத்தமில்லை. மாமியின் பக்கம் திருப்பியதும் படபடவென்று அடித்தது.

"பையில இல்லமா. உங்க மேல கீது" என்றாள்.

"என் மேலயா? என்ன உளர்றே?"

"கட்டிக்கினு கீறீங்களே புடவ, அத்துலதான்மா. டேக் இன்னும் எடுக்கல."

பின்னால் பைகளோடு கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ ஒருவர் ஃபோனைத் தூக்கினார். மேற்பார்வையாளர் வந்து தன் கையிலிருந்த திரையைப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார், ஆனாலும் விடவில்லை. "இந்தப் புடவை எங்க வாங்கினீங்கம்மா?"

மாமியின் முகம் சிவந்துவிட்டது. "இவா எனக்கு வெச்சுக் கொடுத்தது" என்று அம்மாவைக் காட்டினார்.

"ஆமா, நான்தான் வாங்கினேன். இந்தக் கடையிலதான்" என்றாள் அம்மா, வெகு வேகமாக.

"இந்தக் கடை ஸ்டாக்கே இல்லையேம்மா. எங்க அடையாறு கடையில இன்னும் விக்காம இருக்கறதாத்தான் காட்டுது. பில் இருக்கா?"

அம்மா கைப்பையைத் திறந்து, மறுபடி மூடினாள். வாங்கினேன் என்றே சாதித்தால் பில்லைக் காட்டியாக வேண்டும். வேறொருவர் கொடுத்ததை மடிப்புக் கலையாமல் தள்ளிவிட்டேன் என்று சம்பந்தியின் முகத்துக்கு நேரே, நடு வாசலில், எப்படிச் சொல்வாள்? திருட்டுக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

எனக்கோ மீதி கால்வாசியும் தெளிந்துவிட்டது. அடையாறு கடை. என் புடவைதான். சொல்லட்டும், அவளே வாயைத் திறந்து சொல்லட்டும் என்று கல் மாதிரி நின்றேன். அவ்வளவு கோபம். அதற்குள் மாமி அம்மாவைப் பார்க்கும் பார்வை மாறத் தொடங்கியது. வெளியே போன அக்கா திரும்பி வந்து, என்ன நடக்கிறது என்று புரியாமல் அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"நான்தான் வாங்கினேன்" என்றேன். "அடையாறு கடையில. தீபாவளி சமயத்துல. மாமிக்காக."

ஃபோனில் துழாவிப் பில்லை எடுத்துக் காட்டினேன். மேற்பார்வையாளர் நூறு முறை மன்னிப்புக் கேட்டார். தீபாவளிக் கூட்டத்தில் பில் போட்டவர் டேக்கைக் கணக்கில் ஏற்றாமல் விட்டிருக்க வேண்டும், அடையாறு கடை வாசலில் அப்போது இந்தச் சட்டமும் வைக்கவில்லை என்றார். காவல் பெண் மண்டிபோட்டு, ஃபால்ஸ் ஓரத்தில் நான்கு தையலைப் பிரித்து, டெய்லர் பார்க்காமல் உள்ளே வைத்துத் தைத்திருந்த டேக்கை நறுக்கி எடுத்தாள். அவளுக்கு இடம் விடுவதற்காக மாமி முந்தானையை உருவி விரித்துப் பிடித்தார். அன்னப்பட்சிகள் வரிசை வரிசையாக நின்றன.

மாமிக்குக் கோபம் போய்ப் பூரிப்பு வந்துவிட்டது. "நீ செலக்ட் பண்ணினதா இது? என்ன கலர், என்ன கலர்! தீபாவளிக்கே எனக்காக வாங்கி வெச்சியா? உங்கம்மாவுக்கும் இதே மாதிரி ஒண்ணு எடுத்திருக்கலாமோல்லியோ?"

"அம்மாவுக்குப் புடவை ஆசையே கிடையாது மாமி" என்றேன்.

வேண்டுமென்றேதான் சொன்னேன். அம்மா தலையைத் தூக்கவில்லை.

ரவிக்கை தைக்கக் கொடுக்க மாமி அக்காவை அழைத்துக்கொண்டு போனார். நானும் அம்மாவும் ஆட்டோ பிடித்தோம். வண்டி பனகல் பார்க்கைத் தாண்டும் வரை கூட என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"மேல்தட்டுல தூக்கிப் போட்டுட்டியா நான் கொடுத்ததை?"

"இல்லடி. என் புடவைகளோடதான் வெச்சிருந்தேன்."

"பின்ன எதுக்குக் கொடுத்தே?"

"மேல்தட்டுல இருந்த எல்லாத்தையும் எடுத்துப் பார்த்தேன். சம்பந்திக்குக் கொடுக்கற மாதிரி ஒண்ணுகூட இல்லை. நாம எதைக் கொடுக்கறோமோ அதை வெச்சுத்தானே உங்கக்காவை எடை போடுவா? ஆத்துல இருந்ததுலயே அதுதான் நன்னா இருந்தது."

"என்கிட்ட சொல்லியிருந்தா வேற வாங்கியிருப்பேனே."

"சொன்னா வருத்தப்படுவே."

"இப்போ ரொம்ப சந்தோஷமா இருக்கேனாக்கும்!" என்று கத்தினேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். எனக்கு அடங்கவில்லை. "தீபாவளிக்குக் கட்டிக்கலை, பொங்கலுக்குக் கட்டிக்கலை. பிடிக்கலைன்னா அப்போவே சொல்ல வேண்டியதுதானே?"

அம்மா மடியில் இருந்த பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"உங்கக்கா கல்யாணத்துல கட்டிக்கணும்னு வெச்சிருந்தேன்" என்றாள். "பிரிச்சா மடிப்பு போயிடும்னு, கதவைச் சாத்திண்டு அப்படியே தோள்ல வெச்சுக் கண்ணாடில பார்ப்பேன்."

இதை என்னிடம் அவள் சொன்னதே இல்லை. எவ்வளவு நாள், எத்தனை முறை என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. "சரி விடும்மா. அதே கலர்ல, அதே பார்டர்ல இன்னொண்ணு வாங்கித் தரேன். கல்யாணத்துக்குக் கட்டிக்கலாம்" என்றேன்.

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"எனக்கு அதுதான் வேணும்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தனக்கு ஒன்று வேண்டும் என்று அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கும் அதே புடவைதான் வேண்டும், அம்மாவின் தோளில்.